பக்கம் திருப்பிய கை

"தங்கச்சி, குறை நினையாதேயும். அந்தக் கை ஆரின்ரை?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, சேலையைக்கூட மாற்றாமல் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டில் லண்டன் அக்கா தெரிந்தார். என் மகள் ஜெனிற்றாவைத் தன் மகன் டெனிசுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். எங்கள் வீட்டில் அவர் 'லண்டன் அக்கா' தான். கோபம் வந்த பிறகு வேறு பெயர்களும் வைத்தோம். அவை அச்சில் ஏறக்கூடியவை அல்ல.

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

"நீர் அனுப்பின வீடியோவிலை வந்த கை. பிள்ளை பியானோ வாசிக்கேக்கை ஒரு கை வந்து புத்தகத்தைத் திருப்புது. ஆம்பிளைக் கை. மணிக்கூடும் கட்டியிருக்கு. நாங்கள் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனாங்கள்."

நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தார்களாம்! என் பிள்ளை நாலு நிமிடம் வாசித்திருக்கிறாள். ஒரு பிசகு இல்லை. அவளுடைய விரல்களை அவர்கள் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு நொடி வந்துபோன கையைப் பிடித்து நிறுத்தி, பெரிதாக்கி, குடும்பமாக இருந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

இது நடந்து பல வருடமாகிறது. இன்றைக்கு எழுத உட்கார்ந்தபோதும் காது சூடாகிறது. இந்தத் தொடரில் இதுவரை சண்டை போடாமல் எழுதிவந்தேன் என்று வாசகி ஒருவர் பாராட்டியிருந்தார். இந்த வாரம் அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

கப்பலில் வந்த பியானோ

வீடியோவில் இருந்த பியானோ எங்களுடையது அல்ல. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அது இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா பக்கம் நான் வேலைசெய்த வீட்டு அம்மாவுடையது; சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டுப் படியிறங்கினால் பல்லரோ சந்தை. மீன்காரனின் கூச்சலையும் பொரித்த கத்தரிக்காய் மணத்தையும் தாண்டி, மக்வேடா தெருவைப் பிடித்து நேரே நடந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் அந்த வீடு. மூன்றாம் மாடி. வரவேற்பறையின் முகட்டில் இறக்கை முளைத்த பிள்ளைகள் வரைந்திருக்கும். அந்த முகட்டுக்கு ஒட்டடை அடித்தே என் கழுத்து போனது.

பியானோவின் முன்பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு இரண்டு பித்தளைத் தாங்கிகள் இருந்தன. மின்சாரம் வந்து நூறு வருடமான பிறகும் அவற்றை நான் கிழமைக்கு ஒருமுறை மினுக்க வேண்டும். கட்டைகளை ஒவ்வொன்றாக, ஈரம் பட்டும் படாததுமான துணியால், உள்ளிருந்து வெளியே துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் சிஞ்ஞோராவுக்கு அடுத்த அறையில் இருந்தே தெரியும். எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டியிருந்தது. கணவர் இல்லை. ஒரு காலத்தில் பியானோ படிப்பித்தவர். அவருடைய பாட்டனாரின் தாய் எமிலி என்று ஓர் ஆங்கிலேயப் பெண். விக்டோரியா மகாராணி காலத்தில் திராட்சை மது வியாபாரத்துக்காகச் சிசிலியில் வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவள். பியானோ அவளுக்காகக் கப்பலில் வந்து, பக்கத்து ஊரான பகேரியாவில் அவர்களுடைய பெரிய வீட்டில் இருந்து, வீடு விற்றபோது இங்கே ஏறியதாம். அதனோடு அவள் பாடிய பாட்டுகளும் வந்தன. தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம். தாள் எல்லாம் தேயிலைச் சாயம்போல் பழுத்து, மூலை தொட்டால் நொறுங்கும்.

மூன்றாம் பத்தியில் சாவு

அந்தப் பாட்டுகளின் ஆங்கில வரிகளை சிஞ்ஞோரா எனக்கு இத்தாலியனில் சொல்லுவார். நான் இஸ்திரிப் பெட்டியோடு நின்று கேட்பேன்.

ஒரு பெட்டை யன்னலடியில் விளக்கோடு காத்திருக்கிறாள். அவன் கப்பலில் போயிருக்கிறான். முதல் பத்தியில் நிலவு. இரண்டாம் பத்தியில் கடிதம் வரவில்லை. மூன்றாம் பத்தியில் அவன் பூங்கொத்தோடு வந்து இறங்க, அவள் சேமக்காலையில், கல்லறைக்குள் படுத்திருக்கிறாள். இன்னொரு பாட்டில் ஒருத்தி காய்ந்துபோன ஒரு பூவை வேதப்புத்தகத்துக்குள் வைத்து முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாகிறாள். மற்றொருத்திக்கு இருமல். அவளும் போய்விடுகிறாள்.

"இந்தப் புத்தகத்தில் ஒருத்தியாவது உயிரோடு எழும்பிப் போய்ச் சமைத்தாளா?" என்று ஒருநாள் கேட்டேன். சிஞ்ஞோரா சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டி வந்தது.

ஆனால் ஒன்றை ஒளிக்கக்கூடாது. ஜெனிற்றா அந்த யன்னல் பெட்டையின் பாட்டை வாசிக்கும்போது, நடைபாதையில் சட்டை மடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கண்ணீர் வந்திருக்கிறது. பொய்ப் பாட்டு என்று தெரியும். வன்னியிலும் மன்னாரிலும் நான் பார்த்த சாவுகளுக்கு நிலவும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. அப்படியிருந்தும் அந்த மெட்டு மூன்றாம் பத்தியில் கீழே இறங்கும்போது மடித்த சட்டையாலேயே கண்ணைத் துடைத்திருக்கிறேன். அழுததற்காகவே எனக்கு அந்தப் பாட்டில் மேலும் கோபம்.

இடதுபக்கம் நிற்பவர்

எமிலி கன்னியாக இருந்த காலத்தில் வியாழக்கிழமை மாலைகளில் அவளுடைய தாய்வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்களாம். பெண் பார்க்க என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. தேநீர் குடிக்க வருகிறார்கள், அவ்வளவுதான். தாய் சோபாவில் பூத்தையல் வேலையோடு இருப்பாள். கண் மட்டும் ஊசியில் இருக்காது. மகள் பியானோவில் இருந்து வாசித்துக்கொண்டே பாட வேண்டும்.

வந்த இளைஞன் அவளுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. தனியே கதைக்கக்கூடாது. அவன் அவளுக்குக் கிட்டப் போக ஒரேயொரு வேலைதான் இருந்தது. பக்கம் திருப்புவது. இடதுபக்கம் நிற்க வேண்டும். இடது கையை நீட்டி, மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் தலையை ஆட்டியதும் திருப்ப வேண்டும். அப்போது அவனுடைய சட்டைக் கை அவள் கன்னத்துக்கு முன்னால் போய்வரும்.

"அந்த ஒரு தலையாட்டலுக்கு ஒரு கிழமை காத்திருந்தார்கள். என்ன அழகான காலம்!" என்று சிஞ்ஞோரா பெருமூச்சு விடுவார்.

எமிலிக்கு மூன்று பேர் பக்கம் திருப்பினார்களாம். ஒருவனுக்கு இசை வாசிக்கத் தெரியும். அவள் தலையாட்டத் தேவையே இல்லை, சரியான இடத்தில் திருப்புவான். இன்னொருவன் பதற்றத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி அவளைச் சிரிக்க வைப்பான். மூன்றாமவனுக்கு ஒன்றும் தெரியாது. அவளையே பார்த்துக்கொண்டு நிற்பான், அவள் தலையாட்டினாலும் தெரியாது. ஆனால் அவனுக்கு மதுக் கிடங்குகள் இருந்தன. தாய் அவனைத்தான் தெரிவுசெய்தாள்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அவன் பியானோவைப் பூட்டி, திறப்பைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டானாம். அதற்குப் பிறகு எமிலி வாசிக்கவேயில்லை. மேலே படங்கள் அடுக்கி வைத்தார்கள்.

"எவ்வளவு அன்பு பார்! அவளுடைய பாட்டை வேறு யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்" என்றார் சிஞ்ஞோரா.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கையில் தூசி தட்டும் துணி. "சிஞ்ஞோரா, அது அன்பு இல்லை. பெட்டையை வாசிக்க விட்டது மாப்பிள்ளை பிடிக்க. மாப்பிள்ளை வந்தாயிற்று. வேலை முடிந்தது, பெட்டியைப் பூட்டிவிட்டார்கள்" என்றேன்.

சிஞ்ஞோரா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே கோப்பி போட்டுக்கொண்டு வந்தார். வாய் மட்டும் பெரிதாக இருந்தால் போதாது, தன் வீட்டில் நடப்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும். அந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லை.

நீல வேலைச்சட்டை

ஜெனிற்றாவுக்கு ஒன்பது வயதில், பள்ளிக்கூட விடுமுறை நாளொன்றில் வேறு வழியில்லாமல் வேலைக்குக் கூட்டிப் போனேன். சிஞ்ஞோரா அவளைக் கதிரையில் ஏற்றி இருத்தினார். அன்றிலிருந்து படிப்பித்தார். காசு வாங்கவில்லை. அவரில் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இந்த நன்றி சாகும்வரை இருக்கும். பிறகு சிஞ்ஞோராவின் தோள்மூட்டு போனதும் பக்கம் திருப்பும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அந்தப் புள்ளிகளில் ஒன்றும் விளங்காது. மகளின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அசைந்ததும் திருப்புவேன். பழைய தாள் என்றபடியால் பூப்போலத் திருப்ப வேண்டும்.

இருபத்திரண்டு வயதில் ஜெனிற்றா ஐஸ்கிறீம் கடையொன்றில் அரைநாள் வேலை செய்துகொண்டு, இசைக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். செப்டம்பரில் பரீட்சை. அவளுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் ஒன்றுவிட்ட அண்ணி மூலமாக லண்டன் சம்பந்தம் வந்தது.

பிள்ளையின் விபரக் குறிப்பை நான்தான் எழுதினேன். உயரம், படிப்பு, ஞானஸ்நானம் பெற்ற கோயில். கடைசியில் 'பியானோ நன்றாக வாசிப்பாள்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். கோடு போட்ட கையை வெட்ட வேண்டும்.

"பியானோவோ! ஒரு வீடியோ அனுப்பும் பாப்பம்" என்றார் லண்டன் அக்கா.

எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு கட்டை உடைந்த மின் கீபோர்ட். அதை லண்டனுக்குக் காட்டலாமா? ஒரு சனிக்கிழமை சிஞ்ஞோரா பகேரியாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். ஜெனிற்றா பயிற்சி செய்ய வந்திருந்தாள். நான் டேப்லெட்டைப் பியானோவின் வலதுபக்கத்து அலுமாரியில் சாய்த்து வைத்தேன்.

"பரீட்சைக்குப் படிக்கிறதை வாசிக்கட்டே?" என்று கேட்டாள்.

"அது அவையளுக்கு விளங்காது. அந்த யன்னல் பாட்டை வாசி. காதல் பாட்டெண்டு தெரிய வேணும்."

"மா பெர்க்கே, அம்மா?" என்றாள். ஏன் என்று இத்தாலியனில் கேட்டால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"ஏனெண்டு கேளாமல் வாசி."

நான் நீல வேலைச்சட்டையில் நின்றேன். நெஞ்சில் பிளீச் கறை. அந்தக் கோலத்தில் லண்டன்காரருக்குத் தெரியக்கூடாது. பக்கம் திருப்பாமலும் முடியாது, விட்டால் தாள் கிழியும். அதனால் மகளுக்கு அந்தப் பக்கம், இடதுபுறமாகக் குந்தியிருந்து, அவள் தலையாட்டியபோது கையை மட்டும் மேலே நீட்டினேன். என் மணிக்கூடு பழுது என்று என் மனுசனுடைய பெரிய இரும்பு மணிக்கூட்டைக் கட்டியிருந்தேன்.

வீடியோவை அனுப்பியபோது இது எங்கள் வீடு என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடு இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்களாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். பார்த்தார்கள், பிடித்தது. இரண்டு பிள்ளைகளும் எழுதிக் கதைக்கட்டும் என்று இரு வீட்டாரும் சம்மதித்தோம். இரண்டு மாதம் அப்படிப் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யாரோ அந்தக் கையைக் கண்டுபிடித்தார்கள்.

எழுபது வயது மாஸ்ரர்

இனி குசினிக்கு வருகிறேன். லண்டன் அக்கா பதிலுக்குக் காத்திருக்கிறார். "அது நான்தான்" என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் அடுத்து 'ஏன் முகத்தைக் காட்டவில்லை' என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். நான் யோசித்ததை அவர் பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பின்னால் நின்ற என் மனுசன் உதவிக்கு வந்தார். அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அமைதியான மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லவே கூடாது.

"அது மாஸ்ரர், அக்கா. பிள்ளைக்குப் படிப்பிக்கிறவர்."

நான் அவருடைய காலை மிதித்தேன்.

"மாஸ்ரரோ? பொம்பிளை ரீச்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள்? என்ன வயசு ஆளுக்கு?"

"எழுபது" என்றார் மனுசன், காலை இழுத்துக்கொண்டு.

"எழுபது வயசுக்காரன்ரை கை இப்பிடியே இருக்கும்? நல்ல பெலமான கை."

"அக்கா, அது என்ரை கை" என்றேன்.

லண்டன் அக்கா திரைக்குக் கிட்ட வந்தார். "தங்கச்சி, பொம்பிளையின்ரை கை எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாதே?"

வாசித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் பிள்ளைகளும் இப்போது சிரிக்கிறார்கள். அன்றைக்கு வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். இருபது வருடமாக மற்றவர்களின் மாபிள் படி தேய்த்து, மற்றவர்களின் கழிப்பறை கழுவி, பிளீச்சில் ஊறி வெடித்து, மூட்டுகள் வீங்கிப்போன கை. இந்தக் கைதான் பெர்மெஸ்ஸோவுக்கு, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரத்துக்கு, கையெழுத்துப் போட்டது. இந்தக் கைதான் பிள்ளையைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்தது. அதைப் பார்த்து ஆம்பிளைக் கை என்கிறாள் ஒருத்தி. அதுகூடப் பரவாயில்லை. என் பிள்ளையின் மானம் அந்தக் கையில் தொங்குகிறதாம்!

"நான் வீட்டு வேலை செய்யிறனான். அது நான் வேலை செய்யிற வீடு. வேலைச் சட்டையோடை நிண்டனான், அதுதான் முகம் காட்டேல்லை" என்று கொட்டிவிட்டேன்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே. பலெர்மோவிலை எங்கடை ஆக்களுக்கு வேறை என்ன வேலை? நாங்கள் அதுக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் அவர், சர்வ சாதாரணமாக. நான் எதை மறைக்கக் குந்தியிருந்தேனோ அது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "கைதான் பிரச்சினை. ஒரு படம் எடுத்து அனுப்பும். அதே மணிக்கூட்டோடை. டெனிசின்ரை அப்பா கேக்கிறார்."

படம் அனுப்பினேன்

டேப்லெட்டைத் தூக்கி யன்னலால் சந்தைக்குள் எறிந்தேன் என்று எழுத ஆசை. எறியவில்லை. படம் எடுத்து அனுப்பினேன்.

யன்னல் வெளிச்சத்தில் கையை வைத்தேன். மனுசன் எடுத்தார். "கொஞ்சம் திருப்பும். மணிக்கூடு தெரியேல்லை" என்றார் மெதுவாக. முதல் படம் தெளிவில்லை. இரண்டாவதை அனுப்பினோம். குற்றவாளிகளை அப்படித்தான் படம் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். லண்டன் மாப்பிள்ளை, நல்ல வேலை, கோயிலுக்குப் போகிற குடும்பம். அவ்வளவுக்காகவும் கையை நீட்டினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சரி தங்கச்சி, நம்புறம். மனசிலை வையாதேயும். கைக்கு நல்ல கிறீம் ஏதும் பூசும்.'

கிறீம் பூச வேண்டுமாம்.

ஜெனிற்றா வேலைக்குப் போயிருந்தாள். அவளிடம் நாங்கள் இதைச் சொல்லவேயில்லை. நானும் வழக்கம்போல் கோழிக் கறி வைத்து இறக்கினேன்.

யாரை மயக்க?

அடுத்த கிழமை லண்டன் அக்கா நாள் குறித்துக்கொண்டு திரையில் வந்தார். செப்டம்பரில் எழுத்து என்கிற கலியாணப் பதிவு, மார்கழியில் கலியாணம். குரல் நிறையச் சந்தோசம். கை விவகாரத்தை அவர் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார்.

"செப்டம்பரிலை பிள்ளைக்குப் பரீட்சை, அக்கா. எடுபட்டால் மூண்டு வருசம் படிக்க வேணும்" என்றேன். கூடியவரை தன்மையாகத்தான் சொன்னேன்.

"என்ன பரீட்சை?"

"பியானோ."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை நிலவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "கலியாணம் முடிஞ்ச பிறகு பியானோ படிச்சு ஆரை மயக்கப் போறா, தங்கச்சி? அதுதான் எங்கடை பெடியனை மயக்கிப்போட்டாளே. கோயில்லை ஓகன் பெட்டி கிடக்கு, ஞாயிறிலை வாசிக்கட்டும்."

எனக்குள் ஏதோ அறுந்தது. எமிலியைக் கட்டியவனின் சட்டைப் பைக்குள் போன திறப்புச் சத்தம் எனக்குக் கேட்டது என்றே சொல்லுவேன். அந்தப் பாட்டைத் தெரிவுசெய்தவள் நான். 'காதல் பாட்டெண்டு தெரிய வேணும்' என்றவள் நான். லண்டன் அக்கா என்னுடைய விளம்பரத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். அது விளங்கியதால் கோபம் இரண்டு மடங்காயிற்று. இரண்டு மடங்கையும் அவர்மேலேயே கொட்டினேன்.

"என்ரை பிள்ளை ஆரையும் மயக்கிறதுக்கு வாசிக்கேல்லை! என்ரை கையைப் படம் எடுத்துக் கேட்ட வீட்டுக்குக் குடுக்க என்னட்டைப் பிள்ளை இல்லை. இது சரிவராது. வையுங்கோ போனை!"

அவர் வைக்கவில்லை. நான்தான் அணைத்தேன். உண்மையைச் சொன்னால், இனித்தது. கையைப் படம் எடுத்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. குசினிக்குள் நின்று தனியே சிரித்தேன்.

மனுசன் கதவடியில் நின்றார். "நீர் ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

"ஆரைக் கேக்கிறது? என்ரை பிள்ளைக்காகச் சொன்னனான்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஒரு மணித்தியாலம்

ஜெனிற்றா ஆறு மணிபோல வந்தாள். செருப்பைக் கழற்ற முன்னமே சொல்லத் தொடங்கிவிட்டேன். வீடியோக் கை, படம், கிறீம், மயக்கிறது, எல்லாவற்றையும். கடைசியாக நான் கொடுத்த பதிலடியை நடித்தே காட்டினேன். கட்டிப்பிடித்து முத்தம் தருவாள் என்று நினைத்தேன்.

பையைக் கீழே வைத்தாள். "படம் அனுப்பினது எனக்குத் தெரியும், அம்மா. அண்டைக்கே டெனிஸ் சொல்லி மன்னிப்புக் கேட்டவன். நீங்களாய்ச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

நடித்துக் காட்டிய கையை இறக்கினேன்.

"அவன் நல்லவன். பரீட்சை விசயம் நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள். இந்தக் கிழமை ஒரு முடிவு சொல்லுறன் எண்டவன்."

"அவன்ரை தாய் என்ன சொன்னவ தெரியுமே?"

"நான் தாயையே கட்டப்போறன்?"

"பிள்ளை, நான் உனக்காகத்தான்..."

கோபம் வந்தால் அவள் இத்தாலியனுக்குத் தாவிவிடுவாள். பலெர்மோப் பெட்டைகள்போலக் கையை ஆட்டிக் கத்துவாள். அன்றைக்குத் தாவவில்லை. தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவையளுக்கு ஓம் எண்டு சொல்லேக்கையும் என்னைக் கேக்கேல்லை. இல்லை எண்டு சொல்லேக்கையும் கேக்கேல்லை. ரெண்டும் எனக்காகத்தான், என்ன?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் வெளியில் நின்றேன். டெனிசோடு கதைக்கும் குரல் கேட்டது. ஆங்கிலம், எனக்கு விளங்கவில்லை. முதலில் சாதாரணமாகக் கதைத்தாள். பிறகு கேள்விகள் கேட்பதுபோல் இருந்தது. பிறகு அழுகை. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். மனுசன் எப்போது திரும்பி வந்தாரோ தெரியாது, பின்னால் இருந்து, "விடும், தட்டாதையும்" என்றார். தட்டவில்லை. எனக்கு என்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. லண்டன் அக்காவைத் திட்டி ஒரு நிமிடத்தில் நான் முடித்த காரியத்தை, என் பிள்ளை உள்ளே ஒரு மணித்தியாலமாகச் செய்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"என்னவாம், பிள்ளை?"

"காத்திருப்பியா எண்டு கேட்டனான். பரீட்சை எழுதட்டா எண்டு கேட்டனான். நீ இஞ்சை வந்து இருப்பியா எண்டும் கேட்டனான். எல்லாத்துக்கும் அம்மாட்டைக் கேட்டுச் சொல்லுறன் எண்டான். வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"நான் அப்பவே..." என்று தொடங்கினேன்.

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"இல்லை, அம்மா. இப்பதான் முடிஞ்சது. நீங்கள் சொன்னது கணக்கிலை சேராது."